போட்டோஸ்டாட் அண்ணனின் முதல் காப்பி

பினாங்குத் தீவிலேயே நட்சத்திரங்களைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதர், வானத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்தது கிடையாது. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். அவருக்கு மூன்றடி தள்ளி மேசை போட்டு ஒன்பது வருஷம் டைப் அடித்தவள் நான். எனக்குத் தெரியாமல் அவர் நிமிர்ந்திருக்க முடியாது.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். குவீன் ஸ்ட்ரீட்டில் அது யாருக்கும் தெரியாது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் போட்டோஸ்டாட் அண்ணன். துணிக்கடைக்கும் மசாலாக் கடைக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லாத ஒரு கடை. வாசல் பக்கம் நானும் என் எலக்ட்ரிக் டைப்ரைட்டரும். உள்ளே அவரும், யானைக்குட்டி அளவுக்கு ஒரு நகல் மெஷினும். வேலை தேடுகிறவனின் சான்றிதழ், வீடு மாறுகிறவனின் பத்திரம், பல்கலைக்கழக மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் முதலில் என்னிடம் வரும், அப்புறம் அவரிடம் போகும்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் காகிதம் வந்தாலும் முதல் காப்பி அவருக்கு. கேட்டால், "மை சரியா விழுதான்னு பாக்குறேன்" என்பார். சரி, பார்த்தாகிவிட்டது, தூக்கிப் போடலாம்தானே? மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். படித்து முடித்ததும் பின்னால் இருக்கிற அடுக்கில் சேர்ப்பார். கறுப்பாய் விழுந்த காப்பி, பாதி விழுந்த காப்பி எதையும் விடமாட்டார். மெஷினுக்குள் மாட்டிக் கசங்கிக் கிழிந்த காகிதத்தைக்கூட மேசையில் போட்டு உள்ளங்கையால் நீவி நீவி, இஸ்திரி போட்ட மாதிரி ஆக்கி, அதையும் அடுக்கில் வைப்பார். குவீன் ஸ்ட்ரீட்டில் எந்தப் பெண்ணும் அவரிடம் வயசைக் குறைத்துச் சொல்ல முடியாது. எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும் அவர் படித்தது.

கடை முதலாளி ஒரு சீனத் தவுக்கே. மாதத்துக்கு ஒருமுறை வருவார், அந்த அடுக்கைப் பார்ப்பார், தலையில் கை வைப்பார், போய்விடுவார்.

ஒரு நியாயமும் வைத்திருந்தார் அண்ணன். மெஷினில் அடித்த பக்கத்தை மட்டும்தான் படிப்பார். அடிக்காத பக்கம் கண்முன்னால் திறந்து கிடந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அடிக்காத பக்கத்தைப் படிக்கிறது திருட்டு, தங்கச்சி" என்பார். அடித்துப் படித்தால் மட்டும் எப்படித் திருட்டு இல்லை என்று நானும் ஒன்பது வருஷம் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் அடுத்த காகிதத்தை மெஷினில் வைப்பார்.

இப்படிப்பட்டவர் நட்சத்திரத்தில் போய் விழுந்த கதை இது. பல்கலைக்கழகத்தில் வானியல் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியர், ஒருநாள் அங்கே மெஷின் கெட்டுப்போனதால் எங்கள் கடைக்கு வந்தார். அப்புறம் வேறு கடைக்கே போகவில்லை. மற்ற இடத்தில் அடித்தால் நட்சத்திரப் படம் சேற்றைப் பூசின மாதிரி வரும். அண்ணன் அடித்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் எண்ணலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைப்பார். "ஒரு தூசி இருந்தா அதுவும் ஒரு நட்சத்திரமாயிடும். படிக்கிறவன் அதுக்கும் ஒரு பேர் வச்சிடுவான்" என்பார்.

பேராசிரியரின் கட்டுரைகள் எல்லாம் ஒரே விஷயம். பெரிய பெரிய நட்சத்திரக் கூட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன, பிறந்ததும் என்ன ஆகின்றன என்பதுதான். ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு அண்ணன் அத்தனையையும் படித்தார். நாங்களெல்லாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருப்போம். அவர் பேராசிரியருக்குக் காத்திருப்பார். பேராசிரியர் உள்ளே நுழைந்ததும், "அந்தச் சின்னதுங்களோட தட்டு என்னா ஆச்சு, சார்? தப்பிச்சுதா?" என்பார். பேராசிரியரும் பையைக் கீழே வைக்காமலே பதில் சொல்வார்.

என்ன தட்டு என்று நான் ஒருநாள் கேட்டுத் தொலைத்துவிட்டேன். முனையில் இருந்த ரொட்டி சானாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், மாவு வீசுகிறவருக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்.

"பாரு. அவரு மாவைச் சுத்துறப்ப தட்டையா விரியுதா? நட்சத்திரம் பொறக்குறப்ப அதைச் சுத்தி இப்படித்தான் புழுதியும் வாயுவும் தட்டா சுத்தும். அந்தத் தட்டுலதான் பூமி மாதிரி கிரகமெல்லாம் திரளும்."

"சரி."

"ஆனா நட்சத்திரம் தனியாப் பொறக்காது லா. ஆயிரம் பத்தாயிரம்னு ஒரே மேகத்துல கூட்டமாப் பொறக்கும். அதுல ரெண்டு மூணு ராட்சசனுங்க இருக்கும். பொறந்த உடனே எரிக்க ஆரம்பிச்சிடும். பக்கத்துல இருக்கிற சின்னதுங்களோட தட்டெல்லாம் அந்தச் சூட்டுல ஆவியாப் போயிடும்."

"ஐயோ பாவம்."

"ராட்சசனுங்களுக்கு ஆயுசு கம்மி. முப்பது நாப்பது லட்சம் வருஷத்துல வெடிச்சிடும். அதுக்குள்ள சின்னது தன் தட்டைக் காப்பாத்திக்கிட்டா கிரகம் உண்டு. இல்லாட்டி ஒண்ணுமில்ல. நம்ம சூரியனும் இப்படி ஒரு கூட்டத்துல பொறந்ததுதான்னு சொல்றாங்க. நம்ம தட்டு தப்பிச்சிருக்கு. அதனாலதான் நீயும் நானும் இங்க உக்காந்து ரொட்டி சாப்புடுறோம்."

எனக்கு என்னமோ செய்தது. அன்றைக்கு இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அண்ணனுக்கு நட்சத்திரம் தெரியும் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவியது. துணிக்கடை அக்கா மகளின் ஜாதகத்தோடு வந்து நின்றார். பிள்ளைக்குத் திருவாதிரை, மாப்பிள்ளை வீட்டில் யோசிக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டார். முதலில் ஜாதகத்தை ஒரு காப்பி அடித்துப் படித்தார் அண்ணன்.

"திருவாதிரை நல்லாத்தான் இருக்கு. ஆனா வயசாயிடுச்சு, சீக்கிரம் வெடிச்சிடும்."

அக்காவின் முகம் செத்துவிட்டது. "எப்போ அண்ணே?"

"ஒரு லட்சம் வருஷத்துக்குள்ள. நீங்க அதுக்குக் கொஞ்சம் கீழ பாருங்க. அங்க ஒரு கூட்டம் பொறந்து கெடக்கு, சின்னப் பிள்ளைங்க, ஒவ்வொண்ணும் தட்டோட."

பிள்ளை பாக்கியத்தைத்தான் சொல்கிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். கல்யாணம் நடந்தது. இரட்டைக் குழந்தை. அதற்கப்புறம் மூன்று மாதம் எங்கள் கடை வாசலில் ஜாதகம் வைத்திருப்பவர்கள்தான் நின்றார்கள். என் டைப்பிங் வாடிக்கையாளர்கள் உள்ளே வர முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஏழே முக்காலுக்குத் தெருவில் கரண்டு போனது. எல்லோரும் வெளியே வந்தோம். மசாலாக் கடைக்காரர் மேலே பார்த்துவிட்டு, "அண்ணே, அதோ மூணு நட்சத்திரம் வரிசையா இருக்குதே, அதுக்குக் கீழதானே உங்க கூட்டம்?" என்றார். அண்ணன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "இருக்கும் லா. எனக்கு இங்கேருந்து எது எதுன்னு தெரியாது. பக்க எண் சொல்லுங்க, சொல்றேன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கரண்டு வந்ததுகூடத் தெரியவில்லை.

இனி மாலதி விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷமாக நான் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த விஷயம் இது.

மாலதி அந்தப் பேராசிரியரின் மாணவி. பாகான் டாலாம் பெண். தினமும் ஃபெர்ரி ஏறித் தீவுக்கு வருவாள். நட்சத்திரக் கூட்டத்தில் ராட்சசனுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தால் சின்ன நட்சத்திரத்தின் தட்டு பிழைக்கும் என்று நாலு வருஷம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டவள். கணக்கு சரிதானா என்று காட்ட, விண்வெளியில் சுற்றுகிற தொலைநோக்கி எடுத்த படங்களைக் கடைசி அத்தியாயத்தில் சேர்த்திருந்தாள். ஒரு பெரிய நட்சத்திரம், அதைச் சுற்றி ஆறு சின்னத் தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் தலைப்பிரட்டை மாதிரி ஒரு வால். ராட்சசனின் சூட்டில் தட்டு ஆவியாகி எதிர்ப்பக்கம் பறக்கிறதே, அதுதான் வால்.

அந்தக் காலத்தில் படம் சேர்ப்பது என்றால் கத்தரிக்கோலும் கோந்தும்தான். டைப் அடிக்கிறவள்தான் ஒட்டவும் வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலதி ஆறு வட்டப் படங்களையும் வெட்டி, எது மேல்பக்கம் என்று முதுகில் பென்சிலால் அம்பு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஒட்டினேன். நடுவில் ஒரு போன் வந்தது, மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து. பேசிக்கொண்டே ஒட்டினேன். சுருங்காமல் காய்வதற்காக அண்ணனின் வெள்ளைக் காகிதக் கட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை அண்ணன் கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். அடிக்காத பக்கம் அல்லவா, அதனால் அவர் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கட்டுரையை ஒப்படைக்கிற கடைசி நாள். நாலரை மணிக்கு அலுவலகம் மூடிவிடும். அதற்குள் ஐந்து பிரதி போய்ச் சேராவிட்டால் மாலதியின் பதிவு ரத்து, நாலு வருஷமும் வீண். அவள் காலை பத்து மணிக்கே வந்து மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பதினேழாம் பக்கம் இரண்டு தடவை மெஷினில் மாட்டியதைத் தவிர, தொண்ணூறு பக்கம் ஒழுங்காகப் போனது. தொண்ணூற்றொன்றாம் பக்கத்தின் முதல் காப்பியைக் கையில் எடுத்த அண்ணன், மெஷினை அணைத்தார். மணி பன்னிரண்டு.

"என்னா அண்ணே, நிறுத்திட்டீங்க?" என்றாள் மாலதி.

"இந்தப் பக்கத்தை அடிக்க முடியாதும்மா."

"மெஷின் கோளாறா?"

"மெஷின் நல்லா இருக்கு. வாலுதான் கோளாறு. நாலாவது தட்டோட வாலு ராட்சசனைப் பார்த்து இருக்கு. அது எதிர்ப்பக்கம்தான் இருக்கணும்."

"அதுதான் அண்ணே என் கண்டுபிடிப்பே. இன்னொரு பெரிய நட்சத்திரம் புழுதிக்குள்ள மறைஞ்சு நிக்குது, அதான் அந்த வாலைத் திருப்பி விட்டிருக்கு. தொண்ணூத்திரெண்டாம் பக்கத்துலேருந்து மூணு பக்கம் எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க."

"அதை இன்னும் அடிக்கலையே. அடிக்காத பக்கத்தை நான் படிக்கிறதில்ல."

"அப்போ அடிங்க."

"இதைத் திருத்தாம அடுத்ததை அடிக்க மாட்டேன்."

உலகத்தில் எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. நான் எழுந்து போய்க் கத்தினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு அதிகமாகக் கத்தியது நான்தான். "நீங்க என்னா பெரிய விஞ்ஞானியா? நாலு வருஷம் படிச்ச பிள்ளைக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு? பட்டனை அமுக்குறதுதானே உங்க வேலை?" என்றேன். துணிக்கடை அக்காகூட எட்டிப் பார்த்தார்.

அண்ணன் நேராக அடுக்குக்குப் போனார். கீழிருந்து மூன்றாவது கட்டை உருவினார். போன வருஷம் மாலதி அதே படங்களை வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து அடிக்கக் கொண்டுவந்தபோது எடுத்த முதல் காப்பி அது. அதிலிருந்த நாலாவது படத்தைத் தொண்ணூற்றொன்றாம் பக்கத்துக்கு அருகில் வைத்தார். அதே தட்டு, அதே வால். அதில் வால் எதிர்ப்பக்கம் இருந்தது. எங்களுடையது தலைகீழ்.

மாலதி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியர் வெளிநாடு போயிருந்ததால் அந்த மூன்று பக்கத்தை அவரும் பார்க்கவில்லை. நான் ஒட்டின பக்கத்தைப் பார்த்து, வானத்தில் இல்லாத ஒரு நட்சத்திரத்துக்கு அவள் அந்த இரண்டு வாரத்தில் மூன்று பக்கம் காரணம் எழுதியிருந்தாள். அந்த நட்சத்திரத்தைப் படைத்தது என் கோந்து.

 நாலாவது படம் ஒட்டும்போதுதான் அந்தப் போன் வந்தது. கணவர் படுக்கையில். படிக்கிற பிள்ளைகள் இரண்டு. வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். எனக்கு வந்துகொண்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம் மாலதியும் அவள் சிநேகிதிகளும் வாய்வழியாய்ச் சொல்லி வந்தவை. அந்த டைப்பிஸ்ட் அக்கா படத்தைத் தலைகீழா ஒட்டுவாங்க என்று ஒரு வார்த்தை போனால் போதும்.

"எப்படித் தலைகீழாச்சு?" என்று மாலதி நிமிர்ந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "நான்தாம்மா. கட்டுக்கு அடியிலேருந்து எடுக்கிறப்ப ஒண்ணு பிய்ஞ்சு வந்துடுச்சு. நானே எடுத்து ஒட்டிட்டேன். பார்க்காம ஒட்டிட்டேன்."

அடிக்காத பக்கத்தைக் கண்ணெடுத்துக்கூடப் பார்க்காத மனிதர் சொன்ன பொய் அது. எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மாலதி திட்டவில்லை. "நாலு வருஷம் அண்ணே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். அண்ணன் பால் விடாத சூடான கோப்பி ஓ வாங்கிவந்து, அந்தக் கண்ணாடி டம்ளரை நாலாவது படத்தின் மேல் வைத்தார். கோந்து இளகியது. பிளேடால் தூக்கி, திருப்பி ஒட்டினார். மூன்று பக்கத்தை எடுத்துவிட்டால் பக்க எண் எல்லாம் மாறுமே, திரும்ப டைப் அடிக்க நேரமில்லையே என்று நான் தவித்தேன். "ஒரே பக்கத்துக்கு மூணு நம்பரையும் போடு. மூணு பேர் சீட்டுல ஒருத்தர் உக்காந்து போறதில்லையா?" என்றார். ஆறு வால்களும் எதிர்ப்பக்கமே இருக்கின்றன, கணக்கும் அதைத்தான் சொல்கிறது என்று மாலதி அரைப் பக்கம் சொன்னாள். நான் அடித்தேன். ஏழு பிழை. வெள்ளை மை பூசிப் பூசி அந்தப் பக்கமே கனத்துவிட்டது. கீழே 92–94 என்று எண் போட்டேன். திருத்தின பக்கத்தின் முதல் காப்பியை எடுத்து, அந்த அவசரத்திலும் உட்கார்ந்து படித்து, அடுக்கில் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை அடித்தார் மனிதர். மூன்றரைக்கு டாக்சி வந்தது. மாலதி என்னிடம், "வர்றேன்க்கா" என்றாள். அண்ணனைப் பார்க்காமலே ஏறிப் போய்விட்டாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மறுநாள் அவள் சிநேகிதி ஒருத்தி போன் செய்தாள். ஆனால் மாலதி வரவில்லை. பேராசிரியரும் திரும்பி வந்த பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் எங்கள் கடைக்கு ஒரு நட்சத்திரம் வரவில்லை. அண்ணன் அடையாள அட்டைகளையும் தண்ணீர் பில்லையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டி சானாய் கடைப் பக்கமே போகவில்லை. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கடைக்கு வருவேன். மகனின் பள்ளிக்கூடச் சட்டை ஞாபகம் வரும். சாயங்காலம் சொல்லாமல் வீட்டுக்குப் போவேன். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நாலாவது மாதம் மாலதி வந்தாள். கையில் இவ்வளவு பெரிய கட்டு. நேராக உள்ளே போய் மெஷின் மேல் வைத்தாள்.

"வாய்மொழித் தேர்வுல முதல் கேள்வியே தொண்ணூத்தொண்ணாம் பக்கம்தான் அண்ணே. ஒவ்வொரு வாலையும் சரிபார்த்தியான்னு கேட்டாங்க. பார்த்தோம்னு சொன்னேன். பாஸாயிட்டேன்." கட்டை அண்ணன் பக்கம் தள்ளினாள். "இதெல்லாம் புதுசு. பேராசிரியர் கொடுத்து விட்டாரு. எனக்கு ஒரு காப்பி போதும்."

"சின்னதுங்களோட தட்டு என்னா ஆச்சு? தப்பிச்சுதா?" என்றார் அண்ணன், ஒன்றுமே நடக்காத மாதிரி. கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதும் நான் சொல்லவில்லை. மாலதி, நீ எந்த ஊரில் எந்த வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் சரி, இதைப் படித்தால் தெரிந்துகொள். நாலாவது படத்தை ஒட்டியது நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் தவுக்கே கடையை மூடினார். அண்ணன் நிபோங் திபாலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அந்த அடுக்கு முழுவதையும் ஏற்ற ஒரு லோரி வந்து நின்றது. கட்டுகளைக் கயிறு போட நானும் உதவினேன். மாலதியின் கட்டு கையில் வந்ததும் எனக்குள் ஒரு அச்சம். தலைகீழ் வாலோடு அன்றைக்கு அவர் எடுத்த அந்த முதல் காப்பி இதில்தானே இருக்கும்? அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் புரட்டினேன். பதினேழாம் பக்கம் மெஷினில் மாட்டிக் கசங்கியது இரண்டு இருந்தது, நீவி வைத்தபடி. தொண்ணூறு இருந்தது. திருத்தின தொண்ணூற்றொன்று இருந்தது. அடுத்தது மூன்று எண் போட்ட அரைப் பக்கம். தலைகீழ்ப் பக்கம் இல்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். இல்லை.

"அண்ணே, அன்னைக்கு எடுத்த அந்தக் காப்பி எங்க?"

எந்தக் காப்பி என்று அவர் கேட்கவில்லை. கயிற்றை முடிந்துகொண்டே, "அது மெஷின்ல மாட்டிக்கிச்சு, தங்கச்சி" என்றார்.

"மாட்டினதைத்தான் நீவி எடுத்து வைப்பீங்களே."

"சிலதை நீவ முடியாது லா" என்றார்.

ஒரு காகிதத்தைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத மனிதர் அவர். எனக்குத் தெரிந்து தன் ஆயுளில் அவர் கிழித்துப் போட்டது ஒரே ஒரு பக்கம். அது என்னுடையது.